வீட்டம்மாவின் கன்னடம்

சென்ற மாதம் ஒரு டாக்டரின் அறையில் நான் பெருமையாகச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மூன்று பேர் போயிருந்தோம். என் மனைவி, ஊர்க்கோடி சந்தாபுராவிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா, நான். டாக்டர் இளம்பெண், கன்னடக்காரர். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார். அதில் ‘மனெ’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. மனெ என்றால் வீடு.

என் மனைவி என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் என்னை நோக்கிக் காட்டி பதில் சொன்னாள். என் காதில் விழுந்தது இது: “இவரு பர்த்தாரெ டாக்டர்.”

பர்த்தாரெ என்றால் வருவார். அவ்வளவு கன்னடம் எனக்கும் தெரியும்! வீட்டிலிருந்து துணைக்கு யார் வருவார்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இவர் வருவார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். வேறென்ன இருக்க முடியும்? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“ஹௌது டாக்டர். எல்லாத்துக்கும் நானே பர்த்தீனி” என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆமோதித்துவிட்டுச் சிரித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

ஸ்கேன் எடுக்க மனைவியை உள்ளே அழைத்துப் போனார்கள். வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்.

“அக்கா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

“வாத்தியாரே, உங்களுக்கு எத்தனை பாஷை தெரியும்?”

“இப்ப எதுக்கு அது?”

“பிரெஞ்சு தெரியும். இங்கிலீஷ் தெரியும். நாப்பது வருஷமா சோறு போடற ஊரோட பாஷை மட்டும் வராது. அவ பர்த்தாரென்னு சொல்லல. பரீத்தாரென்னு சொன்னா.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“பர்த்தாரென்னா வருவார். பரீத்தாரென்னா எழுதுவார்.”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். “இவ்ளோ நாளா வீட்டுல ஏன் சொல்லலன்னு டாக்டர் கேட்டாங்க. அதுக்கு அவ சொன்ன பதில் அது. இவர் எழுதுவார்.”

...

என்ன நோய் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். உடம்பில் எந்த இடம் என்பதும் வராது. இந்த வாரம் யாருடைய பெயரும்கூட இங்கே இல்லை. முன்பே வந்திருந்தால் ஒரு சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதை மட்டும் சொல்லலாம். கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்காவிடம்கூட ஈஸ்டருக்குப் பிறகுதான் சொல்லியிருக்கிறாள். நாங்கள் டாக்டரிடம் போனபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது.

அத்தனை மாதமும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். வாரம் தவறாமல் அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பழைய வாசகர்களுக்கு ‘வீட்டம்மா’வை நன்றாகத் தெரியும். காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டவள். ஓலா ஆட்டோவில் ஏறிவிட்டு டிரைவரிடம் ஓடிபி சொல்லாமல் ஜெபமாலை சொன்னவள். தமிழில் பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. விஷயம் கிடைக்காத வாரத்தில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். மனைவியைக் கேலி செய்தால் யாரும் கோபிப்பதில்லை. ‘எங்க வீட்லயும் இதே கதைதான் சார்’ என்று ஆண்கள் கை குலுக்குவார்கள். பெண்களும் சிரிப்பார்கள். சம்பந்தப்பட்டவள் சிரிக்கிறாளா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

என் மகன் கல்லூரியில் சேர்ந்த அன்று, “அப்பா, என்னைப் பத்தி ஒரு வரி வரக் கூடாது” என்று முகத்துக்கு நேரே சொன்னான். அவன் இப்போது அயர்லாந்தில் இருக்கிறான்; இதற்கு முன் அவனைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்குப் பெரிய இடத்துச் சிபாரிசு ஒன்றும் கையில் வைத்திருந்தேன்.

என் பிரெஞ்சுக்காரரையும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். நாவலாசிரியர், கட்டுரையாளர். பாதி உலகம் கொண்டாடியவர். நான் கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தியது அவரைத்தான். அவருடைய முதல் நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். வீட்டில் அவருக்கு ‘உங்க ஆளு’ என்று பெயர். அவர் இறந்த செய்தியையே, “உங்க ஆளு போயிட்டாராமே, போன்ல வந்திருக்கு பாருங்க” என்று இவள்தான் முதலில் சொன்னாள்.

வடக்குப் பிரான்சில் ஒரு கால்வாய் ஊரில் பிறந்தவர் அவர். அப்பா மதகுக் காவலர்; படகு வந்தால் கதவைத் திறந்துவிட வேண்டும். அம்மா தையல் வேலை செய்தார். தினமும் சாயங்காலம் அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பக்கத்தைத் திருப்புவார். நடுவில் ‘ச்சு’ கொட்டுவார். ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது! கணவருக்கும் தெரியாத ரகசியம் அது. மூத்த மகனுக்கு மட்டும் சந்தேகம். ஒரு நாள் வேண்டுமென்றே போன வருடத்துப் பேப்பரை மடித்து மேஜையில் வைத்தான். அம்மா அதையும் அதே சிரத்தையோடு கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தார்.

அந்த மகன் பாரீசுக்குப் போனான், பள்ளி ஆசிரியரானான், நாவல் எழுதினான். நாவலே அந்தப் பேப்பர்தான். பெரிய பரிசு கிடைத்தது. அந்த ஊரில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். ஒருவரால்தான் படிக்க முடியவில்லை. பேக்கரிக்காரம்மா சொல்லித்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேக்கரிக்கு அவர் போகவில்லை. அடுத்த ஊர் வரைக்கும் நடந்துபோய் ரொட்டி வாங்கினார். மகன் இதையும் அடுத்த நாவலில் எழுதினார்.

அவருடைய தம்பி அவரோடு பேச்சை நிறுத்தினார். நம்ம ஆள் அசரவில்லை. வீட்டில் இருப்பவர்களின் மௌனத்துக்கு எழுத்தாளன் கட்டுப்பட்டவன் அல்ல என்று வாதாடி ஒரு கட்டுரைத் தொகுதியே போட்டார். இதல்லவா நேர்மை, இதல்லவா துணிச்சல் என்று வகுப்பில் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். வருடா வருடம் புதுப் பிள்ளைகள். அதே மேஜை.

நாவலில் அம்மாவைப் பற்றி ஒரு சொல் அடிக்கடி வரும். பிரெஞ்சில் ‘ப்யூதர்’. நான் அதை ‘வெட்கம்’ என்று மொழிபெயர்த்தேன். என் மொழிபெயர்ப்புக்குப் பிழை திருத்தியவள் என் மனைவி. அவள் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள்.

“இந்த ‘வெட்கம்’ சரியா வரலைங்க.”

“டிக்‌ஷனரியில அதான் போட்டிருக்கு.”

“அந்தம்மா என்ன தப்பு பண்ணிட்டாங்க வெட்கப்படறதுக்கு? தன் விஷயத்தைத் தன்னோட வச்சுக்கறாங்க. அவ்ளோதானே?”

“ஓகோ, மேடம் எப்ப பிரெஞ்சு படிச்சீங்க?”

“நான் எங்க படிச்சேன்? பொம்பளையா இருக்கேன், அவ்ளோதான்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சொல்லை மாற்றவில்லை. அந்த வாரப் பத்திக்கு ‘வீட்டம்மாவின் பிரெஞ்சு’ என்று தலைப்புப் போட்டேன்.

பிரெஞ்சுக்காரருக்காவது ஒரு கொள்கை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் ஐந்நூறு வார்த்தை வேண்டும்.

இப்போது பல்செட் விஷயம். நிறையப் பேர் இன்னும் அதை நினைவில் வைத்திருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் ஈஸ்டர் பூசையில் நற்கருணை வாங்கும்போது அவளுடைய பல்செட் நழுவியது என்று எழுதினேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அதை நாக்கால் எடுக்கப் போய்ப் பல்செட் கழன்று, கீழே ஏந்தியிருந்த தட்டில் ‘டங்’கென்று விழுந்தது, சாமியார் ‘ஆமென்’ என்றார்... இப்படிப் போகும் அது. பாராட்டு குவிந்தது. எங்கள் சர்ச்சின் பங்கு விழாவில் அதை ஒருவர் மைக்கில் வாசித்தார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, “என்ன வீட்டம்மா, பல்லு பத்திரமா?” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அவள் தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்தினாள். காலை முதல் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். அது கன்னடப் பூசை. “ஏன்?” என்றேன். “காலைல கூட்டம் கம்மி” என்றாள். பிறகு காய்கறிக்கு வேறு கடை. பிறகு பல்லுக்கு வேறு டாக்டர், சர்க்கரைக்கு வேறு டாக்டர். எல்லாம் கன்னடக்காரர்கள். வீட்டில் கன்னட பைபிள் வந்தது. போனில் சரளமாகக் கன்னடம் பேசினாள். அறுபது வயதுக்கு மேல் ஒரு மொழி! நான் வியந்தேன். வியந்தால் என்ன செய்வேன்? ‘வீட்டம்மா கன்னடம் கற்கிறாள்’ என்று ஒரு பத்தி எழுதினேன்.

வராந்தாவில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இது கூடவா தெரியல உங்களுக்கு? கன்னடக்காரங்க உங்க தமிழ்ப் பேப்பரைப் படிக்க மாட்டாங்க இல்ல? அங்க போனா அவ வீட்டம்மா இல்ல. சும்மா ஒரு அம்மா. அதுக்குத்தான் போனா.”

அக்கா நிறுத்தவில்லை.

“இந்த ஆஸ்பத்திரிக்கு எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நினைக்கறீங்க? உங்க வீட்டுப் பக்கத்துல டாக்டரே இல்லையா? அங்க டோக்கன் குடுக்கற பொண்ணு உங்க ரசிகையாம். போனாலே ‘இந்த வாரம் சூப்பர் ஆன்ட்டி’ங்கறாளாம்.”

பேக்கரியை விட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடந்த அந்த அம்மாவை முப்பது வருடம் பாடம் நடத்தினேன். என் வீட்டிலிருந்து ஒருத்தி தினம் அப்படி நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன்.

சிகிச்சை தொடங்கியது. மருந்து ஏற்றிய நாட்களில் அவளுக்கு வலி வரும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் கன்னடத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

“சார், நோவு எங்கே, எப்படி, அவங்க ஹேளணும். சொன்னாத்தான் நான் மருந்து மாத்தறது ஆகுது. சொல்லாமே தாங்கிட்டாங்கன்னா ரொம்ப கஷ்ட. மனேல நீங்கதானே இருக்கறது? நீங்க கேட்டு எனக்குச் சொல்லணும்.”

கேட்டேன். தினமும் கேட்டேன்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“எங்கயாவது?”

“இல்லைங்க. போய் உங்க வேலையைப் பாருங்க.”

நர்ஸ் வந்து, “நோவு இதியா அம்மா?” என்றால் மடமடவென்று கன்னடத்தில் சொல்வாள். என் முன்னாலேயே. கையால் இடத்தைக் காட்டிச் சொல்வாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ‘நோவு’, ‘ராத்ரி’ என்று இரண்டு சொற்களைப் பொறுக்குவேன். மற்றதெல்லாம் என் தலைக்கு மேலே போகும். என் மனைவியின் வலியை என் மனைவி சொல்கிறாள், எனக்குப் புரியாது. வீட்டுக்கு வந்த பிறகோ சொல்ல நர்ஸும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அக்காவுக்கு முட்டிவலி; சந்தாபுராவிலிருந்து தினம் பஸ்ஸில் வர முடியுமா? வலியை அவள் என்னிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் உலகத்தில் அவள் சொல்லத் தயங்கும் ஒரே ஆள் நான்.

ஒரு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னேன். “இனிமே உன்னைப் பத்தி எழுத மாட்டேன்.”

“சரி.”

“நம்பலையா?”

“இப்ப சொன்னீங்க பாருங்க, ‘இனிமே எழுத மாட்டேன்’னு... இதையே ஒரு பத்தியா எழுதுவீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காயப் போட்ட துணி மழையில் நனையும் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

பிரெஞ்சுக்காரர் கடைசியாக எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மிகச் சிறியது. கிழவர் தளர்ந்துவிட்டார், பழைய காரம் இல்லை என்று அதை நான் வகுப்பில் தொட்டதே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைப் போனில் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

முதல் நாவல் வந்த பிறகு அவர் ஊருக்குப் போகிறார். சாயங்காலம். அம்மா வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரை விரிக்கிறார். ஊருக்கே தெரிந்துபோன பிறகும்! மகன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அம்மா ஒரு பக்கம் பார்க்கிறார், திருப்புகிறார், அடுத்த பக்கம். முன்பெல்லாம் அந்தப் பேப்பர் ஊருக்கு முன்னால் பிடித்த திரை. இன்று அது மகனாகிய தனக்கு முன்னால் மட்டும் பிடித்த திரை என்று அவருக்குப் புரிகிறது. எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார நினைக்கிறார். உட்காரவில்லை. ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மறு வருடம் அம்மா இறந்துபோனார்.

அவ்வளவுதான் கட்டுரை. தளர்ச்சி கட்டுரையில் இல்லை, அதைப் படித்த எனக்குத்தான் மூளை இல்லை. எனக்கு இன்னும் ரயில் வரவில்லை. அந்த ஒரு வித்தியாசம்தான் எனக்கும் அவருக்கும்.

எழுதுவதை நிறுத்தினேன். சில வாரங்களாக இந்தப் பக்கம் காலியாக இருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ‘உடல்நலக் குறைவு’ என்று ஆசிரியர் குழு போட்டிருந்தது. யாருடைய உடல் என்று போடவில்லை.

அப்படியென்றால் இது என்ன, மறுபடி எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

எழுதச் சொன்னது அவள். எப்படியோ விஷயம் கசிந்து தமிழ்ப் பூசைக்காரர்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஜெபம். எல்லோரும் ஒரே கேள்வி. “ஏன் டீச்சர் மறைச்சீங்க? சார்கிட்ட கூடவா சொல்லக் கூடாது? பாவம் சார்!” ஒருத்தி என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு அவள் சொன்னாள். “எழுதுங்க.”

“என்னது?”

“எழுதுங்கன்னேன். எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க. நான் ஏன் சொல்லலன்னு அவங்களுக்குத் தெரியட்டும். கன்னடப் பூசையும் எழுதுங்க. நோய் பேரு வேணாம். பல்செட் எழுதுவீங்களா?”

“உனக்கு வேணாம்னா...”

“எழுதுங்க. ஆனா தட்டுல விழலன்னு எழுதுங்க. நான் கர்ச்சீப்புல பிடிச்சிட்டேன். அன்னைக்கு யாருமே பார்க்கல. நீங்க எழுதித்தான் எல்லாரும் பார்த்தாங்க.”

ஆமாம். தட்டில் விழவில்லை. ‘டங்’ என்ற சத்தமும் இல்லை, சாமியார் ‘ஆமென்’ சொன்னதும் இல்லை. அவள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தலை குனிந்தபடி இடத்துக்கு வந்து முழங்காலிட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கணவன் என்பதால் என்னைப் பார்த்து மெதுவாகச் சிரித்தாள். என்னை நம்பிச் சிரித்த சிரிப்பு அது. அதைத்தான் நான் அச்சுக்கு அனுப்பினேன்.

எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஓர் ஒற்றுப்பிழையும் திருத்தினாள். “வீட்டம்மான்னு இனி போடாதீங்க, இதுதான் கடைசி” என்றாள். தலையாட்டினேன். நம்பினாளா என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

டாக்டர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. “நோடோணா” என்கிறார். பார்ப்போம் என்று அர்த்தம். இந்தச் சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று அக்காவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெளியே மழை. நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். சுவர்ப் பக்கம் படுத்திருந்தவள் திரும்பினாள். “ஏங்க, இங்க வாங்க” என்றாள். போனேன். நாற்காலியை இழுக்காமல் கட்டிலிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து ஓர் இடத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். மருந்தை மாற்றினார்கள். அன்றைக்குத் தூங்கினாள்.

என்ன சொன்னாள் என்பது உங்களுக்கு இல்லை. தமிழில் சொன்னாள்.